மென்று ஊட்டியவள்

இது கதையில்லை. போன வருஷம் நவம்பரில், கே.ஜி.எஃப்.பில், நந்திதுர்க் பக்கத்தில், தங்கச் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீடு ஒன்றில் ஐந்து நாள் நடந்தது. பேரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு லாய்ட் ஒப்புக்கொள்ளவில்லை.

"மாத்தாதீங்க. மாத்துனா பொய்னு நெனப்பாங்க. நான் இங்கதான் கீறேன். சந்தேகம் இருந்தா வந்து கேக்கட்டும்" என்றான்.

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்க வேண்டாம். மற்றபடி பயமில்லை.

லாய்டுக்கு வயது முப்பத்து மூன்று. ஃபேக்டரியில் ஃபிட்டர். மார்ச் மாதம் அவன் மனைவி ஷோபா டெங்குவில் செத்துப்போனாள். நாலே நாள். ஐந்து வயதில் ஒரு மகள், லூயிசா. அம்மாவைப் புதைத்த வாரமே அந்தக் குழந்தை சாப்பாட்டை நிறுத்திவிட்டது. கொஞ்சம் பால், அரை பிஸ்கட். சோற்றைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்து ஊட்டினால் அப்படியே அவன் சட்டையில் துப்பும். பசி எடுக்க டானிக் கொடுத்தார்கள். அதையும் துப்பியது. நவம்பரில் எடை பன்னிரண்டு கிலோ தொள்ளாயிரம். இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லாய்டுக்கு முதல் ஷிஃப்ட். ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியம் இரண்டரைக்கு வருவான். அதுவரை குழந்தை பக்கத்து வீட்டுச் சரோஜம்மாவிடம் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் அவள்தான் சமைத்தாள்.

அப்போதுதான் வினய் வந்தான். லாய்டோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வெளிநாட்டுக் காலேஜ் பிள்ளைகளைத் தொண்டு வேலைக்குக் கூட்டிவரும் ஓர் அமைப்பில் இருக்கிறான்.

"பினாங்குலேந்து பதினாலு பேரு வராங்கடா. ஸ்கூலுக்குப் பெயிண்ட் அடிப்பாங்க, புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் பாட்டு சொல்லித் தருவாங்க. நம்ம ஆளுங்க வூட்டுலதான் தங்கணும், ப்ரோக்ராமே அதான். உன் வூட்டுக்குப் பொண்ணுங்களப் போடறேன். ரெண்டு பேரு. மிஞ்சிப்போனா மூணு."

"பொம்பள இல்லாத வூடுடா இது."

"சரோஜம்மா கீறாங்க இல்ல? நாலு பேரு கூட உக்காந்தா பாப்பா துன்னும்டா. வச்சிப் பாரு."

பாப்பா துன்னும் என்ற அந்த வார்த்தைக்காகத்தான் லாய்ட் தலையாட்டினான். வினய் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள், காரத்தைக் குறையுங்கள் என்று வரிசையாக இருந்தது. நடுவில் ஒரு வரி. விருந்தாளிகளின் பழக்கம் நமக்கு வினோதமாகத் தெரியலாம், உற்றுப் பார்க்கவோ கேள்வி கேட்கவோ வேண்டாம்.

திங்கள்கிழமை. மதியம் 2:35. லாய்ட் வீட்டுக்கு வந்தபோது வாசலில் இரண்டு ஜோடி ஷூ.

உள்ளே நீல டி-ஷர்ட்டில் இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி தர்ஷாயினி, தமிழ்ப் பெண். இன்னொருத்தி ஷின் யீ, சீனப் பெண். தமிழில் 'வணக்கம்' மட்டும் தெரியும். சமையலறை வாசலில் மூன்றாவதாக ஒருத்தி. அவளும் அதே நீல டி-ஷர்ட். முடி முகத்தில் பாதியை மறைத்திருந்தது. அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு லூயிசா நின்றாள்.

சரி, மூணு பேர் என்று லாய்ட் நினைத்துக்கொண்டான். சரோஜம்மாவிடம் போய் மூன்று பேருக்குச் சமைக்கச் சொன்னான்.

"மூணா?" என்றாள் சரோஜம்மா. "பூட்டைத் தெறந்து வுட்டப்போ நான் ரெண்டைத்தானே பாத்தேன்... இன்னொண்ணு பின்னாடி வந்துச்சோ இன்னாவோ. சரி, உலை வைக்கிறதுக்கு முன்னாடி சொன்னியே."

வீட்டில் ஒரு வாடை. மழையில் நனைந்து மாதக்கணக்கில் மூலையில் கிடந்த கோணிச் சாக்கு மாதிரி. அதற்கு அடியில் லேசாக ஓர் இனிப்பு. அவர்கள் ஊர்த் தைலமாக இருக்கும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தான்.

இரவுச் சாப்பாடு 7:40க்கு. எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது பெண் மட்டும் வரிசையில் உட்காரவில்லை. சோற்றுத் தட்டோடு பின்னால் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடியில் லூயிசா.

ச்சப்... ச்சப்... ச்சப்...

மெல்லும் சத்தம். நிற்கவே இல்லை. ஒரு வாய்ச் சோற்றை இவ்வளவு நேரம் யாராவது மெல்வார்களா? லாய்ட் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

அவள் வாய்க்குள் இரண்டு விரலை விட்டாள். மென்ற சோற்றை உருண்டையாக வெளியே எடுத்தாள். சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் உதட்டுக்கும் உருண்டைக்கும் நடுவில் எச்சில் நூலாகத் தொங்கியது. அதை லூயிசாவின் வாயில் வைத்தாள்.

லாய்ட் மற்ற இரண்டு பெண்களையும் பார்த்தான். இரண்டு பேரும் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. அப்படியென்றால் இது அவர்கள் ஊர்ப் பழக்கம். தாளில் போட்டிருந்ததும் இதுதான் போலிருக்கிறது.

எழுந்து போய்க் குழந்தையைப் பிடுங்கியிருப்பான். ஆனால்...

லூயிசா விழுங்கினாள்.

எட்டு மாதம் கழித்து முதல் வாய்ச் சோறு. பிறகு இன்னொன்று. அவன் எண்ணினான். பதினொன்று. கடைசியில் அவள் குழந்தையின் கடைவாயை நாக்கால் நக்கித் துடைத்தாள். பிறகு எல்லார் தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. காலையில் பார்த்தால் தட்டுகள் பளிச்சென்று இருந்தன. வழவழவென்றும் இருந்தன.

செவ்வாய் மதியம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். டம்ளரின் விளிம்பு கோழைபோல வழுக்கியது. பல்லில் நறநறவென்று மணல். துப்பினான். வெள்ளைச் சாம்பல் மாதிரி, பழைய தங்கச் சுரங்கத்துக் கழிவு குவிந்து கிடக்கும் சயனைட் மேட்டு மண் மாதிரி இருந்தது. அன்று ராத்திரி 8:15க்கு வினயிடம் போனில் கேட்டான்.

"டேய், அந்த ஊர்ல குழந்தைக்கு மென்னுதான் ஊட்டுவாங்களா?"

"மென்னா? ச்சீ... இருடா, சில ஊர்ல உண்டுன்னு படிச்சிருக்கேன். மூஞ்சிய கீஞ்சியக் காட்டித் தொலைக்காத. பாப்பா துன்னுதா?"

"துன்னுது."

"அப்புறம் இன்னா?"

லாய்ட் போனை வைத்தான்.

புதன் மதியம் 3:20. தர்ஷாயினியும் ஷின் யீயும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மூன்றாவது பெண் மட்டும் சமையலறை மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தான்.

"உன் பேரு இன்னாம்மா?"

நிமிர்ந்து பார்த்தாள். உதடு பிரியாமல் சிரித்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அசைந்துகொண்டிருந்தன. சரோஜம்மா வீட்டு அடுப்பு அணைந்து மூன்று மணி நேரம் ஆகிறது. அவள் கொடுத்தனுப்பிய கேரியர் காலி. வீட்டில் ஒரு பருக்கை கிடையாது.

எதை மெல்கிறாள்?

கேட்க நினைத்தான். கேட்கவில்லை. கேட்டால் நாளைக்கு ஊட்டாமல் விட்டுவிடுவாளோ என்று பயந்தான். அருவருப்பைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது. அன்று சாயங்காலம் குழந்தையை எடை போட்டான். பதின்மூன்று கிலோ முந்நூறு. முள்ளைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம் வந்தது. பெற்ற மகள் எவளுடைய எச்சிலையோ தின்கிறாள், அப்பன் எடை பார்த்துச் சந்தோஷப்படுகிறான்... தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது என்றான் லாய்ட்.

வியாழக்கிழமை மற்ற இரண்டு பெண்களும் தலைமுதல் கால்வரை மஞ்சள் பெயிண்டோடு வந்தார்கள்.

"சுவத்துக்கு ஏதாச்சும் மிச்சம் வச்சீங்களா?" என்று கேட்டான்.

"கொஞ்சம் இருக்கு அங்கிள். நாளைக்கு உங்களுக்கும் அடிச்சு விடறோம்."

"அங்கிளா? எனக்கு முப்பத்து மூணும்மா."

"சரி லா, அண்ணே. போதுமா?" என்றாள் தர்ஷாயினி, மலேசியாக்காரர்களின் 'லா'வோடு.

அவர்களோடு சிரித்தான். சிரித்தபடியே இன்னொன்றைக் கவனித்தான். சாப்பிட உட்காரும் முன் ஷின் யீ பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து மூக்குக்குக் கீழே அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். திங்களும் தேய்த்தாள். செவ்வாயும். இவளுக்கே தாங்கவில்லையா?

அன்று ராத்திரி லூயிசா அவன் மார்பில் படுத்துக் கொட்டாவி விட்டாள். அவள் மூச்சில் அந்தச் சாக்கு வாடை. லாய்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகளிடமிருந்து முகத்தைத் திருப்பியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை. கிளம்பும் நாள். வேன் பள்ளிக்கூட முனையில் நின்றது. வீட்டிலிருந்து முந்நூறு அடி இருக்கும். லாய்ட் லீவு போட்டிருந்தான். இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மூன்றாவது பெண் சமையலறையில் லூயிசாவோடு இருந்தாள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் வருவாள் என்று விட்டுவிட்டான்.

வினய் தலைகளை எண்ணினான். "பதினாலு. சரி. ஏறுங்க, ஏறுங்க."

"இருடா. எங்க வூட்டுப் பொண்ணு ஒண்ணு வரணும்."

"உன் வூட்டுல ரெண்டுதான்டா. ரெண்டும் இதோ நிக்குதே."

"நீல டி-ஷர்ட்டு போட்டிருக்குமே. பாப்பாவுக்கு ஊட்டுமே."

தர்ஷாயினி வேன் படியிலிருந்து இறங்கினாள். "அண்ணே... அது உங்க தங்கச்சி இல்லியா?"



"முதல் நாள் பன்னெண்டரைக்குப் பாப்பா வந்துச்சு. நேரா கிச்சனுக்குப் போய் அவங்க மடியில உக்காந்துச்சு. 'அக்கா'ன்னு கூப்பிட்டுச்சு. அவங்க உடம்பெல்லாம் ஈரம். பாவமா இருந்துச்சுன்னு என்னோட டி-ஷர்ட் ஒண்ணு நான்தான் கொடுத்தேன்."

"அந்த... மென்னு ஊட்டறது?"

"உங்க வீட்டுப் பழக்கம்னு நினைச்சோம். கிளம்பறப்பவே சொல்லி அனுப்பினாங்க, தங்கற வீட்டுல எதைப் பார்த்தாலும் மூஞ்சைச் சுளிக்கக்கூடாதுன்னு. ஷின் யீ தினமும் வாந்தி எடுத்தா அண்ணே."

"ராத்திரி உங்க கூடத்தானே படுத்தா?"

"இல்லியே. ரூம்ல நாங்க ரெண்டே பேர்தான்."

மணி 9:14.

லாய்ட் ஓடினான். பெட்டி எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. பின்னால் வினய் கத்தியது கேட்டது.

கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. தள்ளினான்.

வாடை முகத்தில் அடித்தது.

ச்சப்... ச்சப்...

சமையலறை.

லூயிசா தரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நீல டி-ஷர்ட். பிழியாமல் போட்டதுபோல அதிலிருந்து தண்ணீர் ஓடியது. குழந்தையின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

ச்சப்... ச்சப்...

குழந்தையின் வாய் அசையவில்லை.

சத்தம் அவன் காதுக்குப் பக்கத்தில்...

நின்றது.

லாய்ட் மண்டியிட்டான். மகளின் வாய்க்குள் விரலை விட்டான். ஈரமாக, கொழகொழவென்று ஏதோ சிக்கியது. இழுத்தான். முடி. சாம்பல் மண்ணோடு குழைத்த முடி. கறுப்பாக, நீளமாக... வந்துகொண்டே இருந்தது. ஒரு முனை அவன் முழங்கைவரை வந்தும் மறுமுனை தொண்டைக்குள்ளேயே இருந்தது. குழந்தைக்கு மூச்சு முட்டியது.

வினயின் காரில் கோலாருக்குக் கொண்டுபோனார்கள். 10:20க்கு ஆஸ்பத்திரி. இரண்டு மணி நேர ஆபரேஷன். வேன் கிளம்பவில்லை. பதினாலு பேரும் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தார்களாம். பாப்பா கண் விழித்தது என்று போன் வந்தபிறகுதான் ஏறினார்களாம்.

ஆபரேஷன் செய்த டாக்டர் மம்தா எஃகுக் கிண்ணம் ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். குழந்தையின் வயிற்று வடிவத்திலேயே ஓர் உருண்டை. முடி, மண், நூல்.

"அஞ்சு நாள்ல இவ்வளவா?" என்று லாய்ட் கேட்டான்.

"அஞ்சு நாளா? யார் சொன்னது? இது சேர ஏழெட்டு மாசம் ஆகும். வயித்துல இடமே இல்ல. அப்புறம் குழந்தைக்கு எப்படிப் பசிக்கும்?" கையுறையைக் கழற்றினாள். "பாப்பாவுக்குக் கிராப்பு வெட்டியிருக்கீங்க. இது ஒண்ணரை அடி முடி. வீட்டுல யாருக்கு இவ்வளவு முடி?"

யாருக்கும் இல்லை. ஷோபாவுக்குத் தோள்வரைதான்.

வீட்டுக்கு வந்து சரோஜம்மாவைக் கேட்டான். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

"தெனமும் பன்னெண்டரை ஆனா 'வூட்டுக்குப் போவணும், வூட்டுக்குப் போவணும்'னு ஒரே அடம் நைனா. பொம்மைக்காகத் துடிக்குதுன்னு நெனச்சேன். பூட்டைத் தெறந்து வுட்டுட்டு அடுப்பைப் பாக்கப் போயிடுவேன். அரை மணியில தானா வந்துடும். அம்மா செத்த வாரத்துலேந்து இப்படித்தான்... வாயைத் தொடச்சிக்கினு வரும். தண்ணி குடிச்சிருக்கும்னு இருந்துட்டேன்."

லாய்ட் சமையலறைத் தரையைப் பெயர்த்துப் புதிதாகச் சிமெண்ட் போட்டான். பாத்திரங்களையெல்லாம் எடைக்குப் போட்டான். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பகலெல்லாம் குழந்தையோடு இருந்தான். பாதர் வந்து ஜெபம் செய்தார். வாடை போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. லூயிசாவுக்குப் பசித்தது. தானே கேட்டாள். இரண்டு இட்லி வைத்தான். ஒன்றைச் சிந்தாமல் தின்றாள். மணி 12:40. லாய்ட் சுவரில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

இரண்டாவது இட்லியை அவள் நிதானமாக மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

பிறகு வாயில் விரலை விட்டு அதை வெளியே எடுத்தாள். உருட்டினாள். அவன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"அப்பா, ஆ காட்டு."

"ச்சீ! கீழ போடும்மா. அப்பா சாப்ட்டாச்சு."

"பொய்யி. நீ சாப்டவே மாட்டே. அக்கா ஊட்டினாத்தான் துன்னுவே."

லாய்ட் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"எனக்கா? எனக்கு எப்போ ஊட்டினா?"

"ராத்திரி. நீ வாயத் தொறந்துகினு தூங்குவ இல்ல? எனக்கு மத்தியானம். உனக்கு ராத்திரி."

எட்டு மாதத்துக்கு மேலாக அவனுக்கும் பசி கிடையாது. கேண்டீனில் பாதித் தட்டோடு எழுந்துவிடுவான். பேண்ட் இடுப்பில் நிற்காது. பெண்டாட்டி செத்தவனுக்குச் சோறு இறங்குமா என்று யாரும் காரணம் கேட்கவில்லை. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

மறுநாள் கோலாருக்குத் தனியாகப் போனான். தனக்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னான். மதியம் 1:10க்கு டாக்டர் மம்தா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

பிறகு நர்ஸைக் கூப்பிட்டாள்.

"இது அந்தக் குழந்தையோட பழைய படம் இல்ல? மாத்திக் கொடுத்துட்டீங்களா?"

மாறவில்லை. படத்தின் மூலையில் பேர் இருந்தது.

லாய்ட். ஆண். வயது 33.